எந்த வரைபடத்தை நம்பிப் பணத்தை இறக்குவது? நிலச் சீரழிவைக் கண்டறியும் வழிகள்: ஓர் ஒப்பீடு

நிலத்தை மீட்கும் பணிக்குப் பணம் ஒதுக்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வட்டாரம் முழுவதற்கும் அது போதாது. பத்தில் ஒரு பங்கு நிலத்துக்கு வேண்டுமானால் எட்டும். அந்தப் பத்தில் ஒரு பங்கு எது? கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி, "வரைபடம் இருக்கிறதா?" என்பதுதான். இருக்கிறது. ஒன்றல்ல, பல. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஒன்றில் சிவப்பாகத் தெரியும் பகுதி இன்னொன்றில் பச்சையாக இருக்கும். எந்த வரைபடத்தை மேசைமேல் விரிக்கிறோமோ, அதை வைத்தே எந்தக் குடும்பத்துக்கு உதவி சேரும், எது விடுபடும் என்பது முடிவாகிவிடுகிறது. அதனால் வரைபடம் தயாரிக்கும் முறையைத் தேர்வதைத் தொழில்நுட்பம் தெரிந்தவர்களிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உலக அளவிலான கணக்குகளைப் பார்த்தாலே இது விளங்கும். 1987 முதல் 1990 வரை தயாரான குளாசாட் வரைபடம், உலக நிலப்பரப்பில் சுமார் 15 சதவீதம் சீரழிந்திருப்பதாகச் சொன்னது. 2008-இல் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட கிளாடா ஆய்வு 24 சதவீதம் என்றது. பாலைவனமாதலைத் தடுப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையின் செயலகம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை 40 சதவீதம் வரை என்றது. அதே உடன்படிக்கைக்கு நாடுகள் தாமே அனுப்பிய கணக்குகளைக் கூட்டினால் 2019-ஆம் ஆண்டுக்கு 15.5 சதவீதம் வருகிறது. பாதிக்கப்பட்ட மக்களின் எண்ணிக்கையிலும் இதே வேறுபாடுதான். கிளாடா 150 கோடிப் பேர் என்றது. பல்லுயிர் குறித்த பன்னாட்டு அறிவியல் மன்றமான ஐபிபிஇஎஸ் 2018-இல் குறைந்தது 320 கோடி என்றது. வறண்ட நிலங்களை மட்டும் எடுத்துக்கொண்ட, காலநிலை மாற்றம் குறித்த ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசி 2019-இல் ஏறத்தாழ 50 கோடி என்றது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வேறு ஒன்றை, வேறு வழியில் அளந்தார்கள்.

அந்த வேறுபாட்டில் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் மீதி எல்லாம் தெளிவாகும். குளாசாட் காட்டியது, அதுவரை பல தலைமுறைகளாகச் சேர்ந்திருந்த சேதத்தை. கிளாடா காட்டியது, 1981-க்கும் 2003-க்கும் இடையில் பசுமை குறைந்த இடங்களை. முன்னது நிலை, பின்னது போக்கு. இரண்டும் சுட்டிய இடங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. எப்போதோ கெட்டுப்போய், இனிக் கெடுவதற்கு ஒன்றும் மீதியில்லாத நிலம், போக்கைக் காட்டும் வரைபடத்தில் "மாற்றமில்லை" என்று அமைதியாக உட்கார்ந்திருக்கும். அதன்மேல் வாழ்பவர்கள்தான் பெரும்பாலும் மிக ஏழைகள்.

நிபுணர்கள் வரைந்தது

முதல் வழி, நிலத்தை நன்கறிந்தவர்களின் கணிப்பைத் தொகுப்பது. குளாசாட் அப்படித்தான் உருவானது. உலகெங்கும் சுமார் 250 மண்ணியல் அறிஞர்கள் தங்கள் பகுதிகளை மதிப்பிட்டார்கள். ஒரே வரையறைப்படி உலகம் முழுவதையும் காட்டிய முதல் வரைபடம் அது. அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதன் அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் பத்துக் கிலோமீட்டர். மேலும், ஒருவர் "கடுமையான அரிப்பு" என்பதை இன்னொருவர் "மிதமானது" என்பார். பத்து ஆண்டுகள் கழித்து வேறொரு குழு அதையே திரும்பச் செய்து, மாற்றம் என்ன என்று சொல்லவும் முடியாது.

கணிப்பு எவ்வளவு தூரம் தவறான பாதைக்கு இழுத்துச் செல்லும் என்பதற்குச் சூடானில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1975-இல் ஹியூ லாம்ப்ரே என்ற சூழலியலாளர் அங்கே விமானத்திலும் தரைவழியாகவும் பயணம் செய்து, பாலைவனத்தின் எல்லையை 1958-ஆம் ஆண்டுத் தாவர வரைபடத்தோடு ஒப்பிட்டார். சகாரா ஆண்டுக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் வேகத்தில் தெற்கே வருகிறது என்பது அவர் முடிவு. அந்த எண் உலகெங்கும் பரவியது. ஆனால் அவர் பார்த்தது கடும் வறட்சியை அடுத்து வந்த காலத்தில். பின்னர் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே பகுதியில் தேடியபோது அப்படியொரு இடைவிடாத முன்னேற்றத்துக்குச் சான்று கிடைக்கவில்லை. காம்ப்டன் டக்கரும் சகாக்களும் 1980 முதல் 1990 வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளை ஆராய்ந்து 1991-இல் வெளியிட்ட முடிவு, மழையைப் பொறுத்து எல்லை தெற்கேயும் வடக்கேயும் மாறி மாறி நகர்கிறது என்பது. இரண்டு ஆண்டுகளை மட்டும் ஒப்பிட்டுப் போக்கு என்று சொல்லக் கூடாது. உங்கள் கைக்கு வரும் எந்த வரைபடத்திலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இந்த வழியின் இன்றைய வடிவம் சற்று மேம்பட்டது: செயற்கைக்கோள் படத்தைப் பயிற்சி பெற்ற கண்கள் பார்த்து, நிலப்பயன்பாடு, சீரழிவின் வகை, கடுமை என்று எல்லை வரைவது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் அகமதாபாத் மையம் வெளியிடும் நிலச் சீரழிவு வரைபடத் தொகுப்புகள் இந்த வகை. நீர் அரிப்பா, காற்று அரிப்பா, உவர்ப்பா என்று காரணத்தைப் பிரித்துச் சொல்வது இதன் பெரிய பலம். காரணம் தெரியாமல் மருந்து தர முடியாதே.

பசுமையின் போக்கு

இரண்டாவது வழிதான் இன்று எங்கும் ஆட்சி செய்கிறது. உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அகச்சிவப்புக்கு அண்மையிலுள்ள ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இந்த வேறுபாட்டிலிருந்து பசுமைக் குறியீடு ஒன்றைக் கணக்கிட்டு, ஆண்டாண்டாக அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். கிளாடா பயன்படுத்திய தரவில் ஒரு படப்புள்ளி, அதாவது படத்தின் மிகச் சிறிய சதுரம், எட்டுக் கிலோமீட்டர் பக்கம் கொண்டது. 2000 முதல் கிடைக்கும் மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் தரவில் அது 250 மீட்டர். லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்களில் 30 மீட்டர். 2008 முதல் அதன் களஞ்சியம் முழுவதும் இலவசம். 2015 முதல் ஏவப்பட்டுவரும் சென்டினல்-2 வகைக் கோள்கள் 10 மீட்டர் வரை காட்டுகின்றன. செலவு குறைவு, யாரும் திரும்பச் செய்து சரிபார்க்கலாம், யாருடைய செல்வாக்கும் எண்ணை மாற்றாது.

ஆனால் பசுமை வேறு, நலம் வேறு. இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கென்யாவின் பரிங்கோ பகுதியில் 1980-களில் நல்ல நோக்கத்தோடு நடப்பட்ட சீமைக் கருவேலம் மேய்ச்சல் நிலங்களை அடர்ந்து மூடிவிட்டது. வானிலிருந்து பார்த்தால் ஆண்டு முழுவதும் பச்சை. தரையில், கால்நடை நுழைய முடியாத முள் புதர், புல் இல்லை. அங்கே வாழும் இல்சாமுஸ் மக்கள் இந்த மரத்தால் நேர்ந்த இழப்புக்காக நீதிமன்றம் வரை போனார்கள். பசுமைப் போக்கை மட்டும் நம்பும் ஒருவர் அந்த இடத்தை "மேம்பட்டது" என்று வண்ணமிட்டுப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார். செனகலின் மத்தியப் பகுதியிலும் பசுமை கூடிய இடங்களில் மரவகைகள் குறைந்து, பயன் குறைந்த புதர்கள் பெருகியிருப்பதைக் கள ஆய்வு காட்டியது. நிலத்தடி நீரை வற்றவற்ற இறைத்துப் பயிர் செய்யும் இடமும் கிணறு வற்றும் நாள் வரை பச்சையாகவே தெரியும்.

எதிர்த்திசையிலும் பிழை நேரும். நைஜர் நாட்டின் மராடி, ஸிண்டர் பகுதிகளில் உழவர்கள் வயலில் தானாகத் துளிர்க்கும் மரக்கன்றுகளை வெட்டாமல் காத்து, சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்களை மீட்டெடுத்தார்கள். அதன் முழுப் பரப்பும், பழைய வான்படங்களையும் கூர்மையான புதிய படங்களையும் வைத்து, களத்துக்கும் போய்ப் பார்த்த பிறகே வெளியுலகுக்குத் தெரியவந்தது. வயலில் சிதறி நிற்கும் மரங்கள் பெரிய படப்புள்ளியில் கரைந்துபோகின்றன.

மழையின் பங்கைக் கழிக்கவும் வழி உண்டு. அந்த மழைக்கு எவ்வளவு பசுமை வந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, மிச்ச வேறுபாட்டின் போக்கை மட்டும் பார்ப்பார்கள். வறண்ட பகுதிகளுக்கு இதைச் செய்யாத வரைபடத்தை ஏற்கவே வேண்டாம்.

ஐ.நா. குறியீடும் ஆயத்தக் கருவியும்

நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 15.3.1 என்ற குறியீடு, மொத்த நிலப்பரப்பில் சீரழிந்த பங்கைக் கேட்கிறது. நில உற்பத்தித்திறன், நிலப்போர்வை (நிலத்தை மூடியிருப்பது காடா, புல்லா, வயலா என்பது), மண்ணின் கரிம இருப்பு ஆகிய மூன்றையும் 2000–2015 அடிப்படைக் காலத்தோடு ஒப்பிட வேண்டும். மூன்றில் ஒன்று இறங்கினாலும் அந்த இடம் சீரழிந்ததாகக் கொள்ளப்படும். டிரெண்ட்ஸ் எர்த் என்ற இலவசக் கருவி இதைக் கணினியில் விரைவாகவே செய்துகொடுக்கிறது. ஒரு நாடு தன் நிலையை உலகுக்குச் சொல்லவும், மற்ற நாடுகளோடு ஒரே அளவுகோலில் நிற்கவும் இதைவிட நல்ல வழி இன்று இல்லை.

ஆனால் இதே வரைபடத்தை ஊர்மட்டத்துக்கு இறக்கினால் ஆபத்து. கருவியோடு இயல்பாக வரும் நிலப்போர்வைத் தரவின் படப்புள்ளி 300 மீட்டர், அதாவது 9 ஹெக்டேர். உலகப் பண்ணைகளில் சுமார் 84 சதவீதம் 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. நான்கு குடும்பங்களின் நிலமும் ஒரே நிறத்துக்குள் போய்விடுகிறது. இதைவிடப் பெரிய குறை பலர் கண்ணில் படுவதில்லை: இயல்பு அமைப்பில் மண் கரிம மாற்றம் அளக்கப்படுவதில்லை, நிலப்போர்வை மாற்றத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. விளைநிலம் விளைநிலமாகவே இருந்து, மண் மட்டும் ஆண்டுக்காண்டு வெளுத்துக்கொண்டே போனால் அந்தக் கணக்கில் எதுவும் அசையாது. மூன்று சாட்சிகள் என்று தோன்றினாலும் உண்மையில் இரண்டேகால் சாட்சிகள்தான்.

எந்த மாற்றம் நல்லது, எது கெட்டது என்ற அட்டவணையை ஒவ்வொரு நாடும் திருத்திக்கொள்ளலாம் என்பது இதன் நல்ல அம்சம். மேய்ச்சல் நாடான நமீபியா, புல்வெளியில் புதர் பெருகுவதையும் சீரழிவாகவே எடுத்துக்கொண்டது. இந்தத் திருத்தத்தைச் செய்யாமல், கருவி கொடுத்ததை அப்படியே அச்சிடுவது பொறுப்பற்ற செயல்.

மக்களோடு உட்கார்ந்து வரைவது

ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் லாடா திட்டம் அர்ஜென்டினா, சீனா, கியூபா, செனகல், தென்னாப்பிரிக்கா, துனிசியா ஆகிய ஆறு நாடுகளில் வளர்த்தெடுத்த வழி வேறு வகை. நிலப்பயன்பாட்டு அமைப்புகளாகப் பரப்பைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சீரழிவின் வகை, பரப்பு, கடுமை, வேகம், காரணம், அதனால் மக்கள் இழந்த பயன் ஆகியவற்றை உள்ளூர் அறிவுள்ளவர்களோடு கலந்து பதிவு செய்கிறது. இதற்கும் கீழே இறங்கி, ஊரார் கையாலேயே வரையச் செய்யும் முறைகளும் உண்டு.

அந்த வரைதலை அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் மதிப்பு புரியும். அச்சிட்ட பெரிய படத்தைத் தரையில் விரித்தவுடன், மந்தை வைத்திருப்பவர் முதலில் குறிப்பது வயலையல்ல. தண்ணீர்த் துறையையும் அதற்குப் போகும் தடத்தையும். அந்தத் தடத்தில் கால்நடை இப்போதெல்லாம் எந்த இடத்தில் வாய் வைப்பதில்லை என்று விரலால் காட்டுவார். எந்தப் புல் மறைந்தது, அந்த இடத்தில் எது வந்தது என்பதையும் சொல்வார். விறகு பொறுக்கும் பெண்களின் வரைபடத்தில் தூரம்தான் முதன்மை: முன்பு எங்கே கிடைத்தது, இப்போது எவ்வளவு தள்ளிப் போக வேண்டியிருக்கிறது. உழுபவர், கலப்பையில் கல் தட்டுப்படத் தொடங்கிய மூலையைக் குறிப்பார். இவை எதுவும் எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. சீரழிவும் வாழ்வாதாரமும் ஒரே கோட்டில் சேர்வது இந்த வழியில் மட்டும்தான்.

குறைகளும் உண்டு, அவை சிறியவையல்ல. நிலம் உள்ளவர் பேசுவார், குத்தகைக்காரர் வாய் திறக்கமாட்டார். ஆண்கள் கூடிய இடத்தில் பெண்களின் தடங்கள் வரைபடத்தில் ஏறுவதில்லை. ஆண்டில் சில மாதம் மட்டும் வந்து போகும் மேய்ப்பர்கள், கூட்டம் நடக்கும் பருவத்தில் ஊரில் இருக்கமாட்டார்கள். உதவி வருகிறது என்று தெரிந்தால் தம் நிலமே மோசம் என்று சொல்லத் தோன்றுவதும் மனித இயல்பு. ஆகவே குழுக்களைத் தனித்தனியாக உட்காரவைக்க வேண்டும். வரைந்ததைக் கையோடு நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். எதற்குப் பணம் என்பதை முன்கூட்டியே விளம்பரப்படுத்தக் கூடாது. இன்னொரு குறை, பக்கத்து வட்டாரத்தோடு ஒப்பிட முடியாதது. அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

மண்ணைத் தொட்டுப் பார்ப்பது

உலக வேளாண்காடுகள் மையம் வகுத்த கள முறையில், பத்துக்குப் பத்துக் கிலோமீட்டர் பரப்பில் 16 கொத்துகள், கொத்துக்குப் பத்து என 160 மாதிரித் திடல்கள். ஒவ்வொன்றிலும் மண், அரிப்பு, தாவரம் எல்லாம் பதிவாகும். ஆய்வகத்தில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிக் கரிமத்தைக் கணிப்பதால் வேதிச் சோதனையின் செலவு குறைகிறது. நம்பகத்தன்மையில் இதற்கு இணை இல்லை. ஆனால் இது தருவது புள்ளிகளை. அவற்றை வரைபடமாக விரிக்க மறுபடியும் செயற்கைக்கோளைத்தான் நாட வேண்டும். ஆளும் நாளும் நிறைய வேண்டும்.

ஆய்வகமே இல்லாமலும் கொஞ்சம் அறியலாம். காய்ந்த மண்கட்டி ஒன்றைத் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் மெல்ல இறக்குங்கள். மக்குப் பொருள் நிறைந்த மண் நெடுநேரம் உருக்குலையாமல் இருக்கும். வளமிழந்தது சில நிமிடங்களில் பொடிந்து நீரைக் கலக்கிவிடும். அப்படிப் பொடியும் மண்தான் கனமழையில் மேலே ஏடு கட்டி, நீரை உள்ளே விடாமல் வழியவிடுகிறது. புல் கொத்துகளின் அடியையும் பாருங்கள். வேர் வெளியே தெரிய, கொத்து சிறு மேட்டின்மேல் நின்றால், அந்த மேட்டின் உயரம் சுற்றிலும் அரித்துப்போன மண்ணின் கனத்தை ஏறத்தாழ சொல்லிவிடும்.

வாழ்வாதாரத்தை எப்படிச் சேர்ப்பது?

எளிய வழி, சீரழிந்த பரப்பின்மேல் மக்கள்தொகை வரைபடத்தை வைத்து எண்ணுவது. கிளாடாவின் 150 கோடி அப்படி வந்தது. ஓர் இடத்தில் வசிப்பதும் அந்த இடத்தை நம்பி வாழ்வதும் ஒன்றல்ல. தொலைவிலிருந்து மந்தையோடு வருபவர் அங்கே வசிப்பதில்லை. ஆனால் அந்தப் புல்லை நம்பித்தான் இருக்கிறார். மேட்டில் அரித்த மண் தாழ்வில் உள்ளவரின் ஏரியைத் தூர்க்கிறது.

குடும்பக் கணக்கெடுப்பு இதைவிட மேல். சொந்த விளைச்சல் எத்தனை மாதம் வருகிறது, கெட்ட ஆண்டில் எதை விற்றீர்கள், யார் வேலை தேடி வெளியே போனார், எங்கே கடன் வாங்கினீர்கள் என்று கேட்டால் நிலத்தின் கதை வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்று தெரியும். ஆனால் கேள்வி கேட்கப்படுவது ஊரில் மிஞ்சியவர்களிடம். தாக்குப்பிடிக்க முடியாமல் குடும்பத்தோடு கிளம்பியவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பூட்டிக்கிடக்கும் வீடுகளையும் கணக்கெடுத்து, போனவர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்பதைக் கேள்வித்தாளின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும்.

நடுவழி ஒன்றும் உண்டு. பஞ்ச முன்னெச்சரிக்கைக்காக 1985-இல் தொடங்கப்பட்ட ஃபியூஸ் நெட் அமைப்பு, மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதைக் கொண்டு பகுதிகளைப் பிரித்து வாழ்வாதார மண்டல வரைபடங்கள் தயாரிக்கிறது. நிர்வாக எல்லைகளுக்குப் பதில் இத்தகைய மண்டலங்களின்மேல் சீரழிவை வைத்துப் பார்த்தால், ஒரே அரிப்பு உழவரை ஒரு விதமாகவும் மேய்ப்பரை இன்னொரு விதமாகவும் பாதிப்பது வெளிப்படும்.

என் தேர்வு

நாட்டளவில் அறிக்கை அனுப்ப வேண்டுமானால் 15.3.1 குறியீடு, மாற்ற அட்டவணையைத் திருத்திய பிறகு. அதில் எனக்குத் தயக்கமில்லை. பணம் எங்கே போக வேண்டும் என்ற முடிவுக்கு, மக்களோடு வரைந்த வரைபடமே அடித்தளமாக இருக்க வேண்டும் என்பேன். செயற்கைக்கோள் அதற்கு முன்னால் வரும் சல்லடை. எங்கே முதலில் போய் உட்காருவது என்பதை அது சொல்லட்டும், யாருக்குப் பணம் என்பதை அல்ல.

ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2018-இல் வெளியிட்ட உலகப் பாலைவனமாதல் வரைபடத் தொகுப்பின் மூன்றாம் பதிப்பு, சீரழிவுக்கென்று ஒற்றை வரைபடம் தரவில்லை. மாறாக, பல நெருக்கடிகள் ஒரே இடத்தில் எங்கெங்கே சேர்கின்றன என்று காட்டியது. ஒரு வட்டாரத்துக்கும் அதே வழி பொருந்தும். பசுமைப் போக்கும் ஊராரின் வரைபடமும் ஒத்துப்போகும் இடங்களில் தாமதிக்க வேண்டாம், வேலையைத் தொடங்கலாம். முரண்படும் இடங்களுக்குத்தான் மண் மாதிரியும் கூர்மையான படங்களும் தேவை. செயற்கைக்கோள் பச்சை என்று சொல்லி ஊரார் கெட்டது என்று சொன்னால், முள் புதரோ வற்றும் கிணறோ அங்கே இருக்கக்கூடும். இரண்டிலும் "மாற்றமில்லை" என்று வந்து, வீடுகள் பூட்டிக்கிடந்தால், அது நான் முதலில் சொன்ன பழைய சேதம். போக்கு வரைபடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு நிலையை அளக்க வேண்டும்.

செலவைக் குறைக்க வேண்டி வந்தால் மண் மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். பெண்களோடும் மேய்ப்பர்களோடும் தனியாக உட்காருவதைக் குறைக்காதீர்கள். வரைபடத்தில் "சான்று போதாது" என்ற நிறத்துக்கும் இடம் வேண்டும். "சீரழிந்தது" என்ற முத்திரையைப் பொதுநிலத்தின்மேல் குத்தும்போது இரட்டிப்பு எச்சரிக்கை தேவை: பயனற்றது என்ற பெயரில் அந்த நிலம் வேலியிடப்பட்டால், ஆவணத்தில் பெயரே இல்லாமல் அதை நம்பி வாழ்பவர்கள்தான் முதலில் வெளியேற்றப்படுவார்கள். பணம் ஒதுக்குவதற்கு முன் வரைவு வரைபடத்தை எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைத்து, மேய்ப்பர்கள் திரும்பி வரும் பருவம் வரை ஆட்சேபங்களைப் பெற்று, எதை ஏன் மாற்றினோம், எதை ஏன் மாற்றவில்லை என்பதை அதனோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும்.